தினசரி சவரம்

ஐம்பத்து நாலு வயது மனிதர் திடீரென்று தினமும் சவரம் செய்ய ஆரம்பித்தால் பெண்டாட்டிக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் நான் தொண்டை கிழியக் கத்தினால்தான், என் வீட்டுக்காரர் முகத்தில் பிளேடு படும். அப்படிப்பட்டவர் விடிந்ததும் விடியாததுமாக எழுந்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு தடவை நுரை போட்டு, கன்னத்தை உப்ப வைத்து வழித்துக்கொண்டிருந்தார். வலது கன்னத்துக்கு மட்டும் தனிக் கவனிப்பு.

"யாருக்கு இந்த அலங்காரம்?" என்று கேட்டேன்.

"கடையில எல்லாரும் நீட்டா வரணும்னு முதலாளி சொல்லியிருக்காரு" என்றார். பொய் சொன்னால் அவருக்குக் காது மடல் சிவந்துவிடும். அன்றைக்கு இரண்டு காதும் சிவந்திருந்தன.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பத்தொன்பது வருஷமாகப் படுக்கை விரிப்பு அலசுகிறவள். எந்தக் கறை எதனால் வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். இந்தக் கறை மட்டும் பிடிபடவில்லை. எனக்கு லீவான ஒரு நாளில் அவருடைய சாப்பாட்டு டப்பாவை நானே ஒளித்து வைத்தேன். மத்தியானம், மறந்துபோய்விட்டாரே பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு கடைக்கு எடுத்துப் போனேன்.

அவர் கார் பாலிஷ் போடுகிறவர். இருபத்தாறு வருஷம், ஒரே கடை. உள்ளே வெயில் வராது. வண்டியின் தகடு சூடாக இருந்தால் பாலிஷ் போட்ட இடத்திலேயே காய்ந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கச் சுவரிலும் டியூப் லைட், தரையில் எப்போதும் ஈரம். அந்த ஈரத்தில் நின்று நின்று அவருக்கு வருஷம் முழுக்கக் கால் விரல் இடுக்கில் புண்.

முன்பெல்லாம் ஒரு காருக்கு மூன்று வேலை. கீறலைத் தேய்த்து எடுக்க ஒன்று, பளபளப்புக்கு ஒன்று, அந்தப் பளபளப்பு கொஞ்ச நாள் நிற்கும்படி மேல்பூச்சு ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளி புது பாட்டில் கொண்டுவந்தார். பாலிஷும் மேல்பூச்சும் ஒன்றாகக் கலந்தது. "இனிமே உங்க வேலை பாதியாயிடும் மாஸ்டர்" என்றார். வேலை பாதியாகவில்லை, கார்கள் இரண்டு மடங்காகின. ஒரு நாளைக்கு மூன்று கார் போட்ட மனிதர் ஆறு கார் போட்டார். மெஷின் அவர் கையில் இருந்த நேரம்தான் கூடியது. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் விழுவார். நானும் எதிர் நாற்காலியில் விழுவேன். யார் எழுந்து விளக்கைப் போடுவது என்று இரண்டு பேரும் இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம்.

கடைக்குள் போனதும் வண்டி கழுவுகிற தண்ணிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்கக்கா, உங்க சக்களத்தியப் பாக்க வந்தீங்களா? அதோ இருக்கா. கறுப்புதான், ஆனா களையா இருக்கா."

எட்டிப் பார்த்தால், கறுப்புக் கார் ஒன்று. அதன் முன் மூடிமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அதில் வலது கன்னத்தைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு என் வீட்டுக்காரர் இன்ச் இன்சாக நகர்ந்துகொண்டிருந்தார். கல்யாணமான புதிதில்கூட என்னிடம் அவர் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

சிரிப்புதான் வந்தது, அந்த நேரத்தில். வீட்டுக்கு வந்ததும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவர் சிரிக்காமல் வலது கையை நீட்டினார்.

"கிள்ளு" என்றார்.

கிள்ளினேன். சும்மா இருந்தார். நகம் பதியக் கிள்ளினேன். புடவையில் இருந்த ஊக்கை எடுத்து விரல் நுனியில் குத்தினேன். ரத்தம் பொட்டு வைத்தது. அவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் எல்லாம் சொன்னார். பாலிஷ் மெஷினை வைப்பதற்கு முன்னால் வண்டியை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்; மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொண்டால் சின்னப் பொடியும் தட்டுப்படும். கழுவினாலும் போகாத தூசு பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொடி மிஞ்சினாலும் மெஷினில் சுற்றுகிற பஞ்சு அதையும் இழுத்துக்கொண்டு வட்டம் வட்டமாகக் கீறும். டியூப் லைட்டில் தெரியாது, வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை போலத் தெரியும். அந்தக் கடையிலேயே "கைக்காரர்" என்றால் இவர்தான். மற்றவர்கள் முடித்த வண்டியையும் இவர் தடவிச் சரி என்றால்தான் அனுப்புவார்கள். அந்த விரல்கள், இரண்டு கையிலும், போன வருஷமே மரத்துவிட்டன. ஒரு கறுப்பு வண்டி முழுக்கக் கீறல் விழுந்து, லைட் சரியில்லை என்று சாக்குச் சொல்லி முதலிலிருந்து போட்டுக் கொடுத்திருக்கிறார். அதற்கப்புறம்தான் கன்னம். கன்னத்துக்கு எல்லாம் தெரிகிறதாம். ஆனால் தாடி முளைத்தால் தெரியாதாம்.

ஒரு வருஷம். என்னிடம்கூட ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குப் பாத்திரங்கள்தான் அடிபட்டன.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா மெஷின் பிடிக்கிறீங்க?" என்று கேட்டார். அதிர்ந்து அதிர்ந்து நரம்பு கெட்டுப்போயிருக்கிறதாம். இப்போதே நிறுத்தினால் இதோடு நிற்கும், உணர்ச்சி கொஞ்சம் திரும்பினாலும் திரும்பும். நிறுத்தாவிட்டால் கை எதற்கும் உதவாமல் போகும்.

"முதலாளிகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"சொன்னா அனுப்பிடுவாரு. கை போன பாலிஷ்காரனை வச்சு அவரு என்ன பண்ணுவாரு? எனக்கு வேற என்ன தெரியும்?"

"அப்ப கை போகட்டுமா?"

அவர் டாக்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்படி நழுவுகிற நேரங்களில் எனக்கு அவரை உலுக்க வேண்டும்போல இருக்கும். உலுக்கவும் பாவமாக இருக்கும்.

இதற்கு நடுவில்தான் முதலாளிக்கு மூளை வேலை செய்தது. கன்னத்தை வைத்துப் பார்ப்பதைச் செல்போனில் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டுவிட்டார். "எங்கள் மாஸ்டர் ஒவ்வொரு காரையும் குழந்தை மாதிரி பார்ப்பார்" என்று கீழே எழுத்து. ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். "கன்னத்துக்காரர் இருக்காரா?" என்று வாசலிலேயே கேட்டார்கள். ஆறு கார் எட்டாயிற்று. சரியாக இருக்கிற வண்டியிலும், பக்கத்தில் நின்று படம் எடுப்பதற்காக, இன்னொரு தடவை கன்னத்தை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். மனிதருக்கு மறுக்கத் தெரியாது.

ஒரு நாள் காலையில் சட்டையோடு நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். "இந்தச் சட்டைல பட்டன் ஓட்டை சின்னதா இருக்கு" என்றார். வேறு சட்டை கொடுத்தேன். அதிலும் ஓட்டை சின்னது. நான் பட்டன் போட்டுவிட்டேன். கழுத்துப் பட்டன்வரைக்கும் வந்ததும் சொன்னேன்: "இன்னிக்கு நீங்க சொல்றீங்க. இல்லன்னா நாளைக்கு நான் வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து சொல்றேன். உங்க முதலாளிக்கு என் வாய் தாங்காது."

அன்றைக்குச் சலவை மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு எத்தனை விரிப்பு போட்டேன், எத்தனை எடுத்தேன், ஒன்றும் தெரியாது. பயமாக இருந்தது. வேலை போனால் அவர் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார் என்பதுதான் பயம்.

சாயங்காலம் வந்தார். செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். கையைப் பிடிச்சுப் பாத்தாரு."

"அப்புறம்?"

"மெஷினை வேற ஆள்கிட்ட குடுத்துடலாம் மாஸ்டர், நீங்க கன்னத்தை மட்டும் வச்சுக் காட்டுங்க, அதுக்குத்தானே வர்றாங்கன்னாரு."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. இருபத்தாறு வருஷம் உழைத்த கை வேண்டாமாம், கன்னம் போதுமாம். என்ன மனிதர், என்ன கடை என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் கண்ணை மூடியிருந்தார். கோபம் இல்லை, வெட்கம் இல்லை. மெஷினைத் தொட வேண்டாம் என்கிற ஒரே நிம்மதி.

மறுநாள் காலையில் குளியலறையில் "ச்சே" என்று சத்தம். போய்ப் பார்த்தால் வலது தாடையில் ரத்தம். ரேசர் தரையில் கிடந்தது. விரலுக்குள் ரேசர் திரும்பியது அவருக்குத் தெரியவில்லை. "கன்னத்துல பட்டிருந்தா?" என்றார் என்னைப் பார்த்து. அவர் கேட்ட கேள்வியில் என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். நுரை போட்டு மெதுவாக வழித்தேன். கழுவித் துடைத்து, அவர் வண்டியைப் பார்க்கிற மாதிரி, காதோரத்திலிருந்து தாடைவரைக்கும் விரலால் தடவிப் பார்த்தேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"வழுவழுன்னு இருக்கு. அனுப்பலாம்."

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தி, கண்ணை மூடி, கொஞ்சம் நகர்த்தினார். உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரைக்கும், அவசரமில்லாமல்.

"உன் கை இவ்வளவு சொரசொரன்னு எப்பலேருந்து இருக்கு?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலைக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு, அவர் சட்டைக்குப் பட்டன் போட ஆரம்பித்தேன்.