டாக்டரின் மரியாதை

பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் அந்த அறையில் டாக்டர் எரிந்து விழாத நாள் அபூர்வம். விளக்கிலோ கையுறையிலோ ஏதாவது குறை கண்டுபிடித்துவிடுவார். அவர் திட்டத் திட்ட, அங்கே வேலை பார்க்கும் நர்சம்மாவுக்கு நிம்மதிதான் வரும். நோயாளியின் குடலில் உள்ள கட்டி, மேல்சவ்வோடு நின்றிருந்தால் குழாய் வழியாகவே உரித்து எடுத்துவிடலாம். அன்று அவர் வாய் ஓயாது. ஆழமாக இறங்கியிருந்தால் வயிற்றைத் திறந்து குடலை வெட்ட வேண்டும். அன்று மனிதர் தேனாய்ப் பேசுவார். எவ்வளவு தங்கமான டாக்டர் என்று நோயாளிகள் நெகிழ்ந்துபோகும்போதெல்லாம் நர்சம்மா அவர்கள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வார். இந்த ரகசியத்தை வீட்டில் கணவரிடம் மட்டும் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஒருநாள் நர்சம்மாவுக்கே ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்தது. சீக்கிரம் வந்து பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர், அதன் ஆழத்தைப் பார்க்க நாள் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் கணவர்தான் இழுத்து வந்தார். அன்றும் நர்சம்மா வேறு யாரையும் நம்பாமல், தனக்குள் போகப்போகும் குழாயைத் தானே கழுவித் துடைத்து வைத்தார். அந்த வேலையில் அவருக்கு அவ்வளவு கர்வம்.

மயக்க மருந்து வேண்டாம், திரையைப் பார்க்க வேண்டும் என்றார். மேசையில் படுத்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். திரை வெறும் புகையாகத் தெரிந்தது. இனி காதுதான் கதி.

"வலிக்குதாம்மா? மெதுவாத்தான் செய்றேன்" என்றார் டாக்டர்.

அம்மாவாம். மெதுவாம். நர்சம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

டாக்டர் கட்டியின் மேல் ஊதாச் சாயம் விட்டு, படத்தைப் பல மடங்கு பெரிதாக்கினார். மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய துளைகள் ஒழுங்காக இருந்தால் ஆழமில்லை. சிதைந்து கிடந்தால் கத்திதான்.

"லென்ஸ் ஓரத்துல கறை. யாரு இதைத் தொடைச்சது?"

அக்காதான் என்று பக்கத்தில் நின்ற சின்ன நர்ஸ் மேசையில் கிடந்த நர்சம்மாவைக் காட்டினாள்.

"இத்தனை வருஷமா என்னதான் கத்துக்கிட்டீங்க? ஒரு லென்ஸைத் தொடைக்கத் தெரியல. அசையாம படுங்க, இப்பவே உரிச்சு எடுத்துடறேன்."

வாழ்நாளில் இவ்வளவு இனிப்பான வசவை அவர் வாங்கியதில்லை.

வெளியே கொண்டுவந்ததும் கணவர் ஓடி வந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"நல்லா திட்டினாரு" என்றார் நர்சம்மா.

கணவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்தில் காத்திருந்தவர் அவர் தோளைத் தட்டி, வேறு நல்ல டாக்டராகப் பார்க்கலாம் என்று ஆறுதல் சொன்னார்.