முதல் உறுப்பு லாபம்

இயற்கணிதம் எனக்கு வராது என்று வேறு யாரும் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சேலத்தில் இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம். பொதுத் தேர்வுக்கு முன்னால் கல்லூரியிலேயே ஒரு தேர்வு வைப்பார்கள். செலக்‌ஷன் என்று பெயர். அதில் தேறினவனைத்தான் பொதுத் தேர்வுக்கு அனுப்புவார்கள். தேறாதவன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் காட்டில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த அப்பா, நான் கிளம்பும்போது கோபமே இல்லாமல் சொன்னார்: "தேறலீன்னா வந்துரு சாமி. ஏரு இருக்குது, மாடு இருக்குது." திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

அஸ்தம்பட்டியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம், நானும் ஆத்தூரிலிருந்து வந்த ஒரு வகுப்புத் தோழனும். அவனுக்குச் சூத்திரமெல்லாம் மனப்பாடம். எனக்கோ ஒரு விஷயம் ஏன் அப்படி என்று தெரியாவிட்டால் கை ஓடாது. கூட்டுத்தொடர் என்ற பாடத்தில் வண்டி குடைசாய்ந்தது. ஐந்து, எட்டு, பதினொன்று என்று மூன்று மூன்றாக ஏறும் தொடரில் பத்தாவது உறுப்பு என்ன என்று கேட்டால், ஐந்தோடு பத்துத் தடவை மூன்றைக் கூட்டி முப்பத்தைந்து என்பேன். புத்தகத்தின் கடைசிப் பக்கம் முப்பத்திரண்டு என்னும்.

"ஒன்பது தடவதான்டா கூட்டணும்" என்பான் தோழன்.

"ஏன் ஒம்பது?"

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. உனக்கு என்ன வந்துச்சு?"

இப்படியே இரண்டு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எரிச்சல் தாங்காமல், சூத்திரமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று பத்து எண்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, விரலை வைத்து எண்ணினேன். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

தோழன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னடா லாபம்? கணக்குப் புஸ்தகத்த வெலைக்கு விக்கிறியா?"

களத்தில் கம்பும் சோளமும் வள்ளத்தால் அளக்கும்போது எங்கள் பக்கம் யாரும் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். முதல் வள்ளம் லாபம். அடுத்தது இரண்டு. சிறு வயதிலிருந்து கேட்டது, நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சட்டென்று உறைத்தது. லாபம் தானாக வந்து நிற்கிறது. அதற்கு யாரும் எதையும் கூட்டவில்லை. இரண்டில்தான் முதல் கூட்டல். அப்படியானால் பத்தாவதுக்கு ஒன்பது கூட்டல். அட, இவ்வளவுதானா. சந்தோஷம் பாதி, இத்தனை நாள் இதற்கா முட்டிக்கொண்டோம் என்று என் மேலேயே ஆத்திரம் பாதி.

அன்றிலிருந்து எந்தத் தொடரை எடுத்தாலும் முதல் எண்ணின் தலையில் சின்னதாக 'லா' போடுவேன். அடுத்ததன் மேல் 2, பிறகு 3. கேலி செய்த தோழனும் இரண்டாம் நாளே 'லா' போட ஆரம்பித்தான். பயிற்சிக் கணக்குகள் நாற்பதையும் ஒரு வாரத்தில் முடித்தோம். கடைசிப் பக்கத்து விடைகள் ஒவ்வொன்றாகப் பொருந்தப் பொருந்த எனக்குப் பசி திரும்பியது. மெஸ்ஸில் மூன்றாம் தடவை சோறு கேட்டு முறைப்பும் வாங்கினேன்.

தேர்வில் அதே பாடத்திலிருந்து வந்தது: மூன்று, ஏழு, பதினொன்று என்று போகும் தொடரில் எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் இருநூற்றுப் பத்து? இருபடிச் சமன்பாடாக்கித் தீர்த்தேன். பத்து என்றும் கழித்தல் பத்தரை என்றும் இரண்டு விடை வந்தது. கழித்தல் பத்தரை உறுப்பை எந்தக் களத்தில் போய் அளப்பது? பத்து என்று எழுதினேன். மனசு கேட்காமல் பத்து எண்களையும் வரிசையாக எழுதிக் கூட்டியும் பார்த்தேன். சரியாக இருநூற்றுப் பத்து. மணியடிக்கப் போகிற நேரத்தில்தான் கண்ணில் பட்டது, முதல் எண்ணின் மேல் 'லா'. விடைத்தாளில் தமிழ் எழுத்தே இருக்கக் கூடாது. அடித்துவிட்டு ஆங்கிலத்தில் திருத்தமாக 'பிராஃபிட்' என்று எழுதினேன். நமக்கும் இங்கிலீஷ் வருகிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் கணித விரிவுரையாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். மேற்குக் கடற்கரைக்காரர், தமிழ் கடைத்தெருவுக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். பேச்செல்லாம் ஆங்கிலம். மேஜையில் இரண்டு விடைத்தாள்கள் பக்கம் பக்கமாக இருந்தன. அந்தத் தடியனும் 'பிராஃபிட்' என்றே எழுதி வைத்திருந்தான்.

"இது லாப நஷ்டக் கணக்கு இல்லை. இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் ஒரே உளறல். யார் யாரைப் பார்த்து எழுதியது? ஒருவர் ஒப்புக்கொண்டால் மற்றவராவது தேர்வுக்குப் போகலாம்."

"எங்கள் ஊரில் முதலாவது என்றால் லாபம், ஐயா. என்னோடு படித்து இவனுக்கும் அதே பழக்கம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

"உன் ஊரைப் பற்றி நான் கேட்கவில்லை" என்றார்.

அப்போது விடைத்தாள் கட்டுகளைத் தோளில் சுமந்துகொண்டு பியூன் உள்ளே வந்தார். எங்கள் ஊரை ஒட்டிய ராசிபுரத்துப் பக்கத்துக்காரர். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "ஐயா, இவரை அந்தக் கட்டுகளை எண்ணச் சொல்லுங்கள்" என்றேன். விரிவுரையாளர் எண்ணும்படி அவருக்குக் கை காட்டினார்.

"எதுக்குங்க? காத்தாலதான் எண்ணுனனுங்க" என்றார் பியூன். கல்லூரி என்பதற்காக மரியாதையாக ஒன்று என்று தொடங்கிவிடுவாரோ என்று எனக்கு உயிரே போனது. அவர் முதல் கட்டைப் பெஞ்சில் தொப்பென்று போட்டார்.

"லாபம். ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு."

"ஒன்று எங்கே?" என்று விரிவுரையாளர் தமிழிலேயே கேட்டார்.

"அதானுங்க லாபம். ஒண்ணுன்னு ஆரம்பிச்சா எப்படீங்க பெருகும்?"

விரிவுரையாளர் எங்கள் தாள்களை மறுபடி எடுத்து, 3, 7, 11 என்று விரலால் தொட்டுத் தொட்டு, உதடு அசைய ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு எனக்குத் தாளைத் திருப்பிக் காட்டினார். "கணக்குச் சரி. ஆனால் பொதுத் தேர்வுக்கு உன் தாளோடு இந்தப் பியூனையும் சேர்த்து அனுப்ப முடியாது. ஒன்று என்று எழுதிப் பழகு."

வெளியே வந்ததும் தோழன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். குழாயடியில் இரண்டு பேரும் பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தோம். எனக்கு அழுகை வந்தது. முகம் கழுவுகிற சாக்கில் அழுது தீர்த்தேன்.

மறுவாரம் செலக்‌ஷன் பட்டியல். விரிவுரையாளர் காகிதத்தோடு வகுப்புக்குள் நுழைந்தார். பதிவெண் வரிசைப்படி எனக்கு முன்னால் பதினான்கு பேர் இருந்தார்கள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடைத்தெருத் தமிழில், "லாபம்" என்றார். வகுப்பு ஒன்றும் புரியாமல் விழித்தது. அவர் என் எண்ணைப் படித்தார்.