ஒன்பதாம் தாள்

விளம்பரப் பலகைகளில் படம் ஒட்டுகிற அவரை எல்லோரும் ‘ஏணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ குள்ளம். பதினாறு தாளாக வரும் ஒரு முகத்தை எண் பார்த்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மூக்கு நுனி பிசகாமல் ஒட்டிவிடுவார். இருபது வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று பீற்றிக்கொள்வதும் உண்டு.

அப்பேர்ப்பட்டவர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். தன் வீட்டு மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த பலகையில் ஒரு பற்பசைக்காரியை ஒட்டினார். ஒவ்வொரு பல்லும் கதவு மாதிரி, அத்தனை வெள்ளை, அத்தனை நேர்.

அவர் மனைவிக்கு முன்பல் இரண்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு நிற்கும். பேக்கரியில் ரொட்டி கட்டிக் கொடுக்கும் அவள் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். அந்தச் சிரிப்பில் விழுந்துதான் இவர் கல்யாணமே செய்துகொண்டார். பற்பசைக்காரி வந்த பத்தாம் நாள் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

“என்னம்மா, பல்வலியா?”

“ஒண்ணுமில்லீங்க. கடைக்கு வர்றவங்க என் வாயையே பாக்கற மாதிரி இருக்கு.”

“யார் பாத்தான்னு சொல்லு, அவன் பல்லை ஒடைக்கிறேன்.”

அதற்கும் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். தான் ஒட்டிய முகங்கள் இன்னும் எத்தனை பேர் வாயைப் பொத்தினவோ என்று அன்றைக்குத்தான் ஏணி முதன்முதலாக நினைத்தார்.

படம் வெயிலில் வெளுத்துப்போகவே, அதே முகம் புதிதாக வந்தது. முன்பல் இரண்டும் இருக்கும் ஒன்பதாம் தாளை அவர் விரித்தபோது, ஜன்னலில் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே ஒட்டியதில் தாள் ஒரு முழம் கீழே இறங்கிவிட்டது. பல் இரண்டும் உதட்டைத் தாண்டி நின்றன. பசை ஈரமாகத்தான் இருந்தது. உரித்து மாற்ற ஒரு நிமிஷம் போதும். ஏணி ஒருதரம் பார்த்தார். பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஜன்னலில் சிரிப்பு வெடித்தது. கையிலிருந்த துணி தெருவில் விழுந்தது. அடடா, அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

மேற்பார்வையாளர் போனில் குதித்தார். “கண்ணை எங்கய்யா வச்சிருந்த? வேற தாள் அனுப்பறேன். காலையில சரி பண்ணலேன்னா வேலைக்கு வராத.”

வேலை போனால் போகட்டும் என்று ஏணி உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை மனைவி எதிரே வந்து நின்றாள்.

“தெரிஞ்சேதானே விட்டீங்க?”

அவர் தரையைப் பார்த்தார்.

“எனக்காகவா?”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “போங்க, போய் ஒழுங்கா ஒட்டிட்டு வாங்க.”

ஒட்டினார். பல் நேராகிவிட்டது. ஏணியில் நின்றபடி திரும்பிப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. அவள் கை மறுபடி வாய்க்குப் போயிருந்தால்?

அவள் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்:

“ஐயோ பாவம்! நேத்து எவ்வளவு அழகா இருந்தா!”