பதினான்காவது கையெழுத்து

சேத்தூர் மாரிசாமிக்குத் தன்னைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயம் உண்டு. ராஜபாளையத்து நூல் மில் ஒன்றுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேனைப் பதினோரு வருஷமாக ஓட்டுகிறார். அவர் மனைவி பாண்டீஸ்வரியும் அதே வேனில் வேலைக்குப் போகிறவள்தான். வேன் ஓட்டும் நாளில் மாரிசாமி ஒரு சொட்டு மது தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தொடுவார். பைக்கில் போவது அவர் கணக்கில் வண்டி ஓட்டுவதில் சேராது. இந்தச் சட்டத்தை எந்தச் சபையில் நிறைவேற்றினாரோ, நமக்குத் தெரியாது.

போன தை மாதம் ஒரு ஞாயிறு, வன்னியம்பட்டியில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதது. அது முடிந்ததும் தங்கச்சி புருஷன் பாண்டிதுரை அவரைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனார். தாய்மாமன் குடிக்காமல் போனால் தனக்கு மரியாதை இல்லை என்றார். மரியாதை ஒரு டம்ளரோடு நிற்கவில்லை.

மூன்று மணிக்குப் பாண்டீஸ்வரியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினார். மெயின் ரோட்டில் போலீஸ் மறித்தது.

"ஊதுங்க."

"சார், நான் தாய்மாமன்."

"மாலையக் கழட்டிட்டு ஊதுங்க, தாய்மாமன்."

மெஷினில் வந்த எண்ணை எஸ்.ஐ. பக்கத்துப் போலீஸ்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பைக்கை அங்கேயே பிடித்துவைத்துக்கொண்டார்கள். சந்தனம் பூசிய மார்போடு, மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு மாரிசாமி பஸ்ஸுக்கு நின்றார். பாண்டீஸ்வரி நாலடி தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகிற அன்று, ஆண்டாளைச் சேவிக்கப் போவதாகச் சொல்லி மில்லில் லீவு வாங்கினார். தலையைக் குனிந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு, வேனில் வருகிறவர்களுக்குப் பால்கோவாவும் வாங்கிவந்தார். விவகாரம் தீர்ந்தது என்று அவர் நிம்மதியாக இருந்தபோது, லைசென்ஸை மூன்று மாதம் முடக்கி ஆர்.டி.ஓ. ஆபீஸ் கடிதம் வந்தது.

"பைக் ஓட்டத்தான சார் குடிச்சேன். வேன் ஓட்டக் குடிக்கலையே" என்று அங்கே போய் முறையிட்டார்.

"ரெண்டுக்கும் அட்டை ஒண்ணுதானய்யா" என்றார் கிளார்க்.

விஷயம் தெரிந்த மில் மேனேஜர், வேனை ஆல்வின் என்பவரிடம் கொடுத்துவிட்டு, மாரிசாமியைப் பஞ்சுப் பொதி தூக்கப் போட்டார். மாரிசாமி தினமும் அதே வேனில் கடைசி சீட்டில் போனார். ஆல்வின் பிரேக் போடுவதற்கு முன்பே இவர் கால் தரையை அழுத்தும். பெண்களில் மூத்தவளான பிச்சையம்மாள், "ஏலே மாரிசாமி, தகரம் ஓட்டையாயிரும், மெதுவா மிதி" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவருக்கு அழுகை வரும். அந்த ஸ்டியரிங் இல்லாமல் தான் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து லைசென்ஸ் கைக்கு வந்ததும் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார்.

"வேன்ல வாற பொம்பளையாளுக பதினாலு பேரும் சம்மதம்னு கையெழுத்து போடட்டும். பொறவு சாவி தாரேன்."

ஒரே நாளில் பதிமூன்று விழுந்தது. வீட்டு ஆள்தானே என்று பாண்டீஸ்வரியைக் கடைசிக்கு வைத்திருந்தார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கவில்லை.

"அவிய எல்லாம் நீங்க வேன் ஓட்டித்தான் பாத்திருக்காவ. அன்னைக்கு பைக் ஓட்டுனத நான்தான் பாத்தேன்."

"நல்லாத்தானட்டி ஓட்டுனேன்."

"அந்த லாரிக்காரன் ஒதுங்கலன்னா நாம ரெண்டு பேரும் இல்ல. நிப்பாட்டுங்க, எறங்கிக்கிடுதேன்னு மூணு தடவ சொன்னேன். மூணாவது தடவ அழுதுக்கிட்டே சொன்னேன்."

மாரிசாமி யோசித்துப் பார்த்தார். லாரி நினைவில் இல்லை. அவள் அழுததும் நினைவில் இல்லை. போலீஸ் மறிக்கும் வரைக்கும் வந்த ரோடே நினைவில் இல்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது.

"நீ சொன்னது எனக்குக் கேக்கவே இல்லையே."

"அதனாலதான் போடல" என்றாள்.

மறுநாள் மேனேஜர் தாளை எண்ணிப் பார்த்துவிட்டு, "பதிமூணு போதும்யா, சாவியப் பிடி" என்றார்.

"போதாது சார். இன்னும் கொஞ்ச நாள் ஆல்வினே ஓட்டட்டும்."

"போடாத ஆளு யாருய்யா?"

"அன்னைக்குக் கூட வந்தவ சார்" என்று சொல்லிவிட்டு மாரிசாமி பஞ்சு குடோனுக்கு நடந்தார்.