பக்கத்து வீட்டுக்கு ஏறிய கொட்டகை

மகள் விடுமுறையில் வந்து நின்றபோது ஒரு படம் போட்டுக் காட்டினாள். அமைதியான மனிதர்கள் வாழும் அமைதியான ஒரு தெரு. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வருகிறது. அன்றிலிருந்து படத்தின் நாயகனுக்கு நித்திரை இல்லை, பூஞ்செடி இல்லை, மரியாதை இல்லை. கடைசியில் பித்துப் பிடித்து மண்வெட்டியோடு வேலி பாய்கிறான். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் கணவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்வெட்டியோடு பாய்ந்தவன் பக்கம்தான் நியாயம் என்றேன். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இன்னும் கூடச் சிரித்தார்கள். அவர்கள் யாரை நினைத்துச் சிரித்தார்கள் என்று விளங்காத அளவுக்கு நான் மக்கு அல்ல.

எங்கள் ஒழுங்கை, ஒரு சின்னத் தெரு, திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியது. கப்பல் ஊதினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அதைத் தவிர வேறு சத்தம் இருந்ததில்லை. நான் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒழுங்கையின் மரண உதவிச் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். செத்த வீட்டுக்குக் கொட்டகையும் கதிரைகளும் தேத்தண்ணிக் கேத்தலும் கொடுப்பது சங்கத்தின் வேலை. சாமான்கள் எங்கள் வளவின் பின்னறையில் இருந்தன. அறையைப் பூட்டித் திறப்பை வைத்திருந்தவர் என் கணவர். சங்கத்தின் நீலத் தறப்பாள் கொட்டகை ஒரு வாசலில் ஏறினால் யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. வெள்ளைச் சேலையை உடுத்துக்கொண்டு நேரே வந்துவிடுவார்கள். கல்யாணம், சாமத்தியச் சடங்கு எதற்கும் அதை வெளியே எடுப்பதில்லை. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அவருக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் செய்து கொழும்பிலிருந்து கூட்டிவந்தபோது, டொக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நான் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். உப்பைக் குறைத்தேன். எண்ணெயை நிறுத்தினேன். படியில் ஏறவிடவில்லை. பார்க்க வந்தவர்களைப் படலையிலேயே நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு மேல் கதைக்கக் கூடாது என்று சொல்லி உள்ளே விட்டேன். தொலைக்காட்சியின் சத்தத்தை, உதட்டசைவைப் பார்த்து ஊகிக்கும் அளவுக்குக் குறைத்தேன். அவரைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. என் பொறுப்பில் விட்ட எந்தக் கோப்பும் தொலைந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்கு அவர்கள் குடிவந்தார்கள். வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வெளிநாட்டில். வந்தவன் இறக்கக்கண்டிப் பக்கத்து ஆள்; வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றிக் கடல் காட்டுகிறவன். அவன் மனைவி சிரித்தால் ஒழுங்கையின் அடுத்த முனையில் தூங்குகிற நாய் எழும்பும். ஐந்து வயதை எட்டப்போகும் ஒரு மகள். காலை ஆறு மணிக்கு அவன் படகு எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கிப் பூட்டி ஓடவிட்டுப் பார்ப்பான். பீப்பா முழுக்கத் தண்ணீர் கொதித்துக் குமுறும். என் குசினித் தட்டுகள் ஆடும். பிறகு பாட்டுப் பெட்டி. பிறகு மான்கள். திருகோணமலையில் மான்கள் தெருவில் திரிவது புதினமல்ல. ஆனால் அவள் பாணும் மரக்கறித் தோலும் போட்டுப் பழக்கியதில், கடற்கரையில் நின்ற கூட்டமெல்லாம் எங்கள் ஒழுங்கைக்கு விருந்தாட வந்தது. அவள் போட்டதைத் தின்றுவிட்டு, வாய் துடைக்க என் செவ்வரத்தையையும் கறிவேப்பிலையையும் தின்றன.

மதிலருகே நின்று சொல்லிப் பார்த்தேன்.

"தங்கச்சி, இவர் நெஞ்சு வருத்தக்காரர். சத்தம் ஏலாது."

"ஐயோ அன்ரி, எங்களுக்குத் தெரியாதே. இவரிட்டச் சொல்லுறன். அங்கிளை இஞ்சால விடுங்கோவன், கொஞ்ச நேரம் கதைச்சுக்கொண்டிருக்கட்டும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அவர் போகத் தொடங்கினார். நான் குளிக்கும் நேரம், சந்தைக்குப் போகும் நேரம் பார்த்து நழுவிவிடுவார். திரும்பி வரும்போது மீசையில் பொரித்த மீன் வாசம் இருக்கும். கேட்டால், கடற்காற்று என்பார்.

கட்டைபறிச்சானில் என் தங்கை புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவரைத் தனியே விட்டுப் போனது அன்றைக்குத்தான். எந்த மருந்துக் குளிசை எத்தனை மணிக்கு என்று எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனேன். பின்னேரம் பஸ்ஸில் திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலம் தாண்டியதும் போன் அடித்தது. முன்வீட்டுப் பெண்.

"அக்கா, எங்க வாறியள்?"

"கிண்ணியா தாண்டிட்டன். ஏன்?"

"ஒண்டுமில்லை அக்கா. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. கெதியா வாங்கோ."

எங்கள் ஊரில் இந்தக் கதைக்கு ஒரே ஒரு கருத்துத்தான் உண்டு. சாவுச் செய்தியைப் பிரயாணத்தில் இருக்கிறவரிடம் போனில் சொல்வதில்லை. சங்கத்தின் செயலாளராக நானே பத்துப் பேருக்காவது இதே குரலில் 'ஒண்டுமில்லை' சொல்லியிருக்கிறேன். அவருடைய போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. இன்னும் அடித்தேன். பஸ் நிலையத்தில் இறங்கி ஓட்டோவில் ஏறியபோது, அதை ஓட்டிய எங்கள் ஒழுங்கைப் பையன் காசு பேசவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

ஒழுங்கை திரும்பியதும் நீலத் தறப்பாள் தெரிந்தது. எங்கள் படலைக்கு நேரே. கீழே முதுகில் சங்கத்தின் பெயர் எழுதிய கதிரைகள். வெள்ளைச் சேலையோடு ஆறேழு பெண்கள். ஒருத்தி கேத்தலோடு நின்றாள். பக்கத்து வீட்டுப் பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனம்தான் எனக்கு உறுதியாகச் சொன்னது. அவர்களே வாயை மூடிவிட்டார்கள் என்றால் இனி எனக்கு என்ன மிச்சம்?

ஒப்பாரி வைக்கிறவர்களைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறவள் நான். செத்த வீடுகளில் ஓரமாக நின்று தேத்தண்ணி ஒழுங்கு பார்ப்பேன். அன்றைக்கு ஓட்டோவை விட்டு இறங்கியதும் நடு ஒழுங்கையில் குந்திவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு நான் வைத்த ஒப்பாரி அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும்.

"என்ர ராசா, எனக்கொரு சொல்லுச் சொல்லாமப் போட்டியே! கச்சேரி விட்டு வரேக்க, மழையெண்டா குடையோட வந்து நிப்பியே! என்ர கோபத்தையெல்லாம் சிரிச்சுச் சிரிச்சுத் தாங்கினியே! உன்னைப்போல ஒரு மனுசனை நான் எங்க ராசா தேடுவன்! உப்பில்லாத சோத்தைத் தின்னத் தந்தெல்லோ உன்னை அனுப்பிப்போட்டன்!"

பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு பக்கத்து வீட்டுப் படலை திறந்தது. கையில் ஊதாத பலூன் ஒன்றும், மூக்கின் நுனியில் கேக் ஐசிங்கும் இருக்க, என் கணவர் வெளியே வந்தார்.

"இஞ்சேரும், நான் இஞ்சை நிக்கிறன்."

முன்வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் அவரிடமே போய்க் கையைப் பிடித்து அனுதாபம் சொல்லிவிட்டார். கேத்தலோடு நின்றவள், "அப்ப இந்தத் தேத்தண்ணியை என்ன செய்யிறது?" என்று என்னைக் கேட்டாள். நான் செயலாளர் அல்லவா.

நடந்தது இவ்வளவுதான். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். வளவு முழுக்கப் படகும் எஞ்சினும். கொட்டகை ஒன்று வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். என் கணவர் திறப்பைக் கொடுத்து, தானே நின்று ஒழுங்கையில் எங்கள் வாசல்வரை நீளக் கட்டுவித்திருக்கிறார். ஏறிய கொட்டகையைப் பார்த்த சனம், நெஞ்சு வருத்தக்காரர் வீட்டு வாசல் என்பதால் வேறெதையும் யோசிக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் என் வீட்டுக்குள் கேட்காமல் யாரும் நுழைவதில்லை. அப்படி நானே பழக்கி வைத்திருந்தேன். பாட்டுப் பெட்டி அன்றைக்கென்று பழுதாம். அவருடைய போன் எங்கள் மேசையில்; பக்கத்து வீட்டார் எல்லாரும் அவரோடு குசினியில் கேக் வேலையில் இருந்ததில் வாசலில் கூடியவர்களைக் காணவில்லையாம்.

வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வெள்ளைச் சேலையோடேயே இருந்து கேக்கும் ரோல்ஸும் தின்றார்கள். பெட்டி திருத்தி முடிந்ததும் பாட்டும் கேட்டது. நான் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். மானம் போய்விட்டது.

அடுத்த நாளே வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினேன். குடியிருப்பவர்களை உடனடியாக வீட்டைவிட்டு எழுப்ப வேண்டும் என்று ஏழு பந்தி. என் வாழ்க்கையில் எழுதிய கடிதங்களில் அதைவிட நேர்த்தியான ஒன்று இல்லை. வீடு வீடாகப் போய்க் கையொப்பம் வாங்கினேன். கேக் தின்றவர்களும் போட்டார்கள். என்னோடு வாதாட யாருக்குத் துணிவு? அவர்கள் போக வேண்டும், வீடு பழையபடி அமைதியாக வேண்டும், இவர் பிழைக்க வேண்டும். எனக்கு மூன்றும் ஒன்றுதான். ஒரு கையொப்பம் மட்டும் மிச்சம்.

மூன்றாம் நாள் பின்னேரம், விறாந்தையில் இருந்தவரின் முன்னால் கடிதத்தை வைத்தேன். அவர் வாசித்தார். பேனையைத் தொடவில்லை.

எனக்குள் வேறொரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. அவர்களின் குசினியிலிருந்து படலைக்குப் பத்து எட்டுத் தூரம்தான். நான் அழுதது அதைவிட எவ்வளவோ நேரம்.

"அண்டைக்கு நான் குழறினது உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"கேட்டும் ஏன் உடன வரேல்லை? நெஞ்சு ஏதும் செய்ததோ?"

"இல்லை. படலைக்குப் பின்னாலதான் நிண்டனான்."

"என்ன செய்துகொண்டு?"

அவர் கடிதத்தை மடித்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"கேட்டுக்கொண்டு நிண்டனான். ஒப்பரேஷன் முடிஞ்சு வந்த நாள் தொட்டு நீர் என்னோட கதைச்சது, ஏறாதேங்கோ, குனியாதேங்கோ, தின்னாதேங்கோ, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில என்னை ஒரு மனுசனா நினைச்சுக் கதைக்கினம், அதுதான் போறனான். அண்டைக்கு நீர் சொன்னதைக் கேட்க ஆசையாக் கிடந்தது. வெளியில வந்தா நிப்பாட்டிப்போடுவீர் எண்டு தெரியும். அதுதான் கொஞ்சம் பிந்தினனான்."

மதிலுக்கு அங்கால் எஞ்சின் பீப்பாவுக்குள் குமுறத் தொடங்கியது. நான் கத்தவில்லை. கடிதத்தை அவர் கையிலிருந்து எடுத்து, கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு, கடிதத்தின் மேலேயே உட்கார்ந்தேன். அன்றைக்கு ஊருக்குக் கேட்கச் சொன்னதையெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நினைத்தேன். செத்தவரிடம் அவ்வளவு சுலபமாக வந்த சொற்கள், உயிரோடு இருந்தவரிடம் வெளியே வர இருட்டும் வரைக்கும் எடுத்தன.