மூன்றாவது அம்பு

ஒரகடம் வில்வித்தை மையத்தின் வாசலில் நின்று, பக்கத்து வீட்டுச் சிறுமிக்காகப் படிவம் நிரப்பினேன். உள்ளே நாண் அதிர்ந்தது. என் இடது முன்கை எரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில், நான் படித்த பள்ளியின் மைதானத்தில், மூங்கில் வில்லைக் கேட்டேன்.

"பொண்ணுங்களுக்குக் கோலாட்டம் கீது, போம்மா" என்றார் விளையாட்டு வாத்தியார்.

"பொண்ணுங்க கூடாதுன்னு எந்த சர்க்குலர்ல போட்டிருக்கு சார்?"

எதிலும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

"வாயாடி! மூணு அம்பு வுடு. ஒண்ணு பட்டாலும் டீம்ல பேரு எழுதறேன்."

இரண்டு அம்புகள் வேலிக்குப் போயின. நாண் என் முன்கைத் தோலை உரித்தது. மூன்றாவது, வைக்கோல் இலக்கின் ஓரத்தில் தொங்கியது.

"ஓரம்மா அது!"

"பட்டாப் போதும்னீங்களே சார்."

பெயரை எழுதும்வரை நான் நகரவில்லை.

"இந்த வயசுல வெயில்ல நிக்காதீங்க மேடம், உள்ள ஒக்காருங்க" என்ற மையத்துப் பயிற்சியாளரின் குரல் என்னை ஒரகடத்துக்கு இழுத்து வந்தது.

படிவத்தை மறுபடி படித்தேன். குறைந்தபட்ச வயது பத்து. அதிகபட்சம் குறிப்பிடப்படவில்லை.

"இன்னொரு படிவம் குடுப்பா" என்றேன்.