மெத்தையின் பகல் பங்கு

“உங்கள் வாழ்க்கையில் நன்றாக நித்திரை கொண்ட காலம் எது?” என்று மருத்துவர் கேட்டார். என் மகளின் வயதுகூட இராது அவருக்கு. நான் யோசிக்கவே இல்லை. பாரிஸில், லா சப்பலில் ஆறு பேர் ஒரே அறையில் இருந்த காலம் என்றேன்.

இப்போது நகருக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் எனக்குத் தனியறை இருக்கிறது. அகலமான கட்டில், கனத்த திரை, சத்தமில்லாத தெரு. கண் மட்டும் மூடாது. அன்று எங்கள் யன்னலுக்கு நேரே பாலத்தின் மேல் மெற்றோ ரயில் ஓடும். தேநீர்க் கோப்பைகள் அதிரும். ஒருவர் குறட்டை விடுவார், இன்னொருவர் ஊரில் விட்டு வந்த மாட்டை நித்திரையில் அதட்டுவார். நான் மரக்கட்டை போலக் கிடப்பேன்.

மெத்தை எனக்கு முழுவதும் சொந்தமில்லை. இரவு எனக்கு, பகல் இன்னொருவனுக்கு. அவன் என்னைவிட இளையவன், பாண் போடும் பேக்கரியில் இரவு வேலை. காலையில் சட்டையெல்லாம் மாவோடு வந்து, சூடு ஆறாத பாண் ஒன்றை என் கையில் தருவான். நான் எழும்பிய இடத்தில் அப்படியே சரிவான்.

“அண்ணை, இண்டைக்குச் சூடு காணாது. இன்னும் கொஞ்சம் கிடந்திருக்கலாம்.”

“வாடகைக்கு மெத்தைதான் தம்பி, சூடு இனாம்.”

குளிர்காலக் காலைகளில் அந்தப் பாணைக் கடித்துக்கொண்டு படியிறங்கிய சுகம் இன்னும் நாக்கில் இருக்கிறது. இதையெல்லாம் மருத்துவரிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு கேட்டார்: “அவர்? அவர் நன்றாக நித்திரை கொண்டாரா?”



பகலில் படுப்பவருக்கு உடம்பே ஒத்துழைக்காது, வெளிச்சமும் பேச்சும் நித்திரையைத் துண்டு துண்டாக்கிவிடும் என்று மருத்துவர் சொன்னார். பிறகு என் விஷயத்துக்கு வந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுக்கக் கூடாது. பின்னேரத் தேநீரை விட வேண்டும். விழித்தபடி கட்டிலில் புரண்டால் கட்டில் விழித்திருக்கும் இடம் என்று உடம்பு பழகிவிடும், ஆகவே எழும்பி வேறு அறையில் இருக்க வேண்டும். எப்போது படுத்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மனம் அந்த ஒரு கேள்வியிலேயே நின்றது.

அவன் நித்திரை கொள்ளவில்லை. கொள்ளவிடாதவன் நான்.

அப்போது எனக்கு அலுவலகம் துப்புரவாக்கும் வேலை. மதியத்தோடு முடிந்துவிடும். ஊரில் பட்டம் பெற்றவன் என்ற எண்ணம் தலையில் இருந்ததால், என் பேச்சைக் கேட்க நாலு பேர் வேண்டும். நண்பர்களைக் கூட்டி வந்து, பத்திரிகையை உரக்க வாசித்து விளக்கம் சொல்வேன். சீட்டு விளையாடுவோம். இருக்க இடம் காணாவிட்டால் அவனை எழுப்பி மெத்தையைச் சுருட்டி ஆசனமாக்குவேன்.

“என்ன தம்பி, பகலிலை இராச நித்திரையோ? வந்து ஒரு கை போடு.”

“இல்லை அண்ணை, ஒருக்கா வெளியிலை போட்டு வாறன்.” ஜக்கெற்றையும் பையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். இரவு வேலை செய்கிறவன் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பகலில் படுப்பவனைக் கண்டால் சோம்பேறி என்றே மனம் எடுத்துக்கொண்டது.

ஒருநாள் வெறுங்கையோடு வந்தான். மெற்றோவில் நித்திரையாகிவிட்டானாம். பை களவு போய்விட்டது. அகதி விண்ணப்பத்துக்குக் கொடுத்த தற்காலிகப் பத்திரம் அதற்குள் இருந்தது. அது இல்லாமல் வேலை இல்லை.

“மெற்றோவிலை படுக்கிறதுக்கோ மெத்தைக்குப் பாதி வாடகை குடுக்கிறாய்?” என்றேன். அறையே சிரித்தது. அவனும் சிரித்தான். புதுப் பத்திரம் வருவதற்குள் பேக்கரியில் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அவன் வேறு நகரத்துக்குப் போனான்.

பல வருடங்களின் பின் திரும்பி வந்து லா சப்பலிலேயே, மெற்றோப் பாலத்தடியில் மரக்கறிக் கடை போட்டான். அங்கேதான் சாமான் வாங்குகிறேன். கறிவேப்பிலை இனாமாகப் போடுவான். இரவில் இன்னும் கண் மூடாது, பழைய வேலைப் பழக்கம் என்று ஒருமுறை சொன்னான். நான் வாழைக்காயைப் பற்றிப் பேசினேன்.

மருத்துவரைப் பார்த்த அந்த வாரமே, மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ரயில் ஏறினேன். மதியம் கழிந்த நேரம். கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே, கதிரையில் வாய் திறந்தபடி நித்திரையாக இருந்தான். நரைத்த தலை மூட்டையில் சாய்ந்திருந்தது. எழுப்ப நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

ஒரு பெண் உள்ளே வந்தாள். “அண்ணை, முருங்கைக்காய்...” விரலை வாயில் வைத்துக் காட்டினேன். நானே நிறுத்துக் கொடுத்தேன். மேசையில் அவன் தொலைபேசி அலறத் தொடங்கியதும் அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது விழித்திருந்தான்.

“எப்ப வந்தனீங்கள்? எழுப்பியிருக்கலாமே.”

“எழுப்பினது போதும், தம்பி. அண்டைக்கு உன்ரை மெத்தையை நான் சுருட்டியிருக்கக் கூடாது. பை போனதும் வேலை போனதும் என்னாலைதான். என்னை மன்னிச்சுக்கொள்.”

அவன் முகத்தைத் துடைத்தான்.

“மெற்றோ லா சப்பலிலை நிக்கிற ஒவ்வொரு முறையும் முழிப்பு வரும், அண்ணை. பாலத்திலையிருந்து பார்த்தால் எங்கடை யன்னல் தெரியும். உள்ளுக்கை தலையள் தெரிஞ்சால் இறங்கமாட்டன். திருப்பியும் கண்ணை மூடிக்கொண்டு கடைசி ஸ்டேசன் மட்டும் போவன்.”

மன்னித்ததாக அவன் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. முகம் பாராமல், “தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?” என்றான்.

“டொக்டர் வேண்டாமெண்டவ.”

“அப்ப சும்மா இருங்கோ.”

இப்போது பெரும்பாலான மதியங்களில் அங்கேதான் இருக்கிறேன். எனக்குப் பகலில் படுக்கத் தடை. அவனுக்கு அந்த நேரம்தான் கண் சொருகும். பின்னால் சாமான் வைக்கும் அறையில் படுக்கிறான். கதவை நான் சாத்திவிடுகிறேன். என் இரவுகள் சில நாள் பரவாயில்லை, சில நாள் பழையபடிதான். வாடிக்கையாளர்கள் உரக்கப் பேசினால் கையைக் காட்டி அமர்த்துகிறேன். மேலே மெற்றோ வந்து நிற்கும்போது உள்ளே அவன் விழித்துப் புரள்வது கேட்கும்; அதற்கு மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.